மணல் படாத ஆறு அங்குலம்

லியாகத் அலி 1987இல் ஷார்ஜாவிலிருந்து ஊர் திரும்பியபோது அவர் பெட்டியில் டேப் ரெக்கார்டர் இல்லை. தலையில் மாட்டிக்கொள்ளும் கனத்த முகமூடி ஒன்றும், அதற்குள் காற்று கொண்டுபோகும் குழாயும், கட்டைவிரல் பருமனில் நான்கு நாசில்களும் இருந்தன. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி முகமூடியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா, சினிமாவுக்கா?" என்று கேட்டார். அய்யம்பேட்டை வீட்டில் மனைவி கமருன்னிஸா அவ்வளவுகூடக் கேட்கவில்லை.

"இதை எங்க வெக்கிறது?" என்றார். அவ்வளவுதான்.

அங்கே கப்பல் பழுது பார்க்கும் துறையில் அவருக்குப் பதினோரு வருஷ வேலை. அழுத்திய காற்றோடு மணலையோ மணல் மாதிரிப் பொடியையோ கலந்து குழாய் நுனியில் மாட்டிய நாசில் வழியாகப் பீய்ச்சினால், இரும்பின் மேலிருக்கும் துருவும் பழைய பெயிண்டும் உரிந்து அடியில் இரும்பு வெள்ளையாகத் தெரியும். கப்பலுக்குச் செய்ததை பஸ் சேசிஸுக்கும் பம்புசெட்டுக்கும் செய்யலாம் என்று நினைத்தார். பூதலூர் ரயில்வே கேட்டைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் கொட்டகை போட்டார். சத்தத்துக்காக யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பதைத் தவிர அந்த இடத்தில் வேறு விசேஷம் இல்லை.

கம்ப்ரஸர் வாங்குவதில் அவர் அவசரப்படவில்லை. திருச்சிக் கடைகளில் காட்டியதெல்லாம் டயருக்குக் காற்றடிக்கவும் பெயிண்ட் அடிக்கவும் ஆகிற சாமான்கள். நாசிலைத் திறந்தால் அரை நிமிஷத்தில் இளைத்துப்போய்விடும்.

"அழுத்தம் இவ்வளவு அவ்வளவுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து தரும்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க" என்று கமருன்னிஸாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கரண்டில் ஓடுவதும் சரிப்படாது. அந்தப் பக்கத்தில் மும்முனைக் கரண்ட் பம்புசெட்டுக்காக முறை வைத்துத்தான் வரும். பாதிக் கதவை அடித்துவிட்டு மீதிக்கு மறுநாள்வரை காத்திருந்தால், அடித்த பாதியில் திரும்பவும் துரு பூத்துவிடும். கடைசியில் புதுக்கோட்டைப் பக்கம் கிணறு வெட்டப் பாறை துளைத்துக்கொண்டிருந்த டீசல் கம்ப்ரஸர் ஒன்று கிடைத்தது. மணல் போடும் தொட்டியைப் பழைய கேஸ் சிலிண்டரிலேயே செய்து தருவதாக உள்ளூர் வெல்டர் ஒருவர் சொன்னார். வெடித்துவிடும் என்று லியாகத் அலி அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. பாய்லர் வேலை தெரிந்த பட்டறையில் செய்யச் சொல்லி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் பார்த்துத்தான் எடுத்துவந்தார்.

அடுத்தது ஈரம். ஷார்ஜாவின் காற்று வேறு, வாய்க்கால் ஓரத்துக் காற்று வேறு. அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக இறங்கி, மணல் புட்டு மாவு மாதிரி தொட்டிக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். காற்றுக் குழாயை ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள் நாலு சுற்றுச் சுற்றி, தொட்டியில் வாய்க்கால் தண்ணீரை விட்டார். காற்று அங்கே குளிர்ந்து, தண்ணீரைக் கக்கிவிட்டு மேலே போகும். மணிக்கு ஒருதரம் அடித் திருகைத் திறந்தால் அரைச் செம்புத் தண்ணீர் கொட்டும்.

இவ்வளவும் பார்த்துச் செய்தவர் மணலில் ஏமாந்தார். ஷார்ஜாவில் இந்த வேலைக்கு மணலையே தொட விடமாட்டார்கள். தாமிரம் உருக்கிய கசடுதான் போடுவார்கள். மணல் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று சுவரில் நாலு பாஷையில் எழுதிவைத்திருந்தார்கள். அது அந்த ஊர்ப் பாலைவன மணலைப் பற்றியது என்று அவர் எடுத்துக்கொண்டார். ஊற்றுத் தோண்டிக் குடித்து வளர்ந்த காவிரி மணலை யார் சந்தேகப்படுவார்கள்? களத்தில் நெல்லைப் போலப் பரப்பிக் காயவைத்து, ரைஸ்மில் சல்லடையில் சலித்து, ஐந்து மாதம் அதையே அடித்தார். வேலை நேரத்தில் முகமூடி இருந்தது. கூட்டும்போதும் அள்ளும்போதும் இல்லை. அவர் சட்டையை உதறித் துவைத்த கமருன்னிஸாவுக்கும் இருமல் வந்தது.

தஞ்சாவூரில் முதலில் பார்த்த டாக்டர் டி.பி.க்கு மருந்து கொடுத்தார். இரண்டாவது டாக்டர் என்ன வேலை என்று கேட்டார்.

"மணலா அடிக்கிறீங்க?"

"காவிரி மணல்தாங்க டாக்டர். சுத்தமா சலிச்சது."

"நுரையீரலுக்கு அது காவிரின்னு தெரியாதுங்களே" என்றார் டாக்டர்.

அன்றோடு ஆற்று மணல் நின்றது. தெற்குக் கடற்கரையிலிருந்து சிவப்பு மணல் மூட்டையில் வந்தது. கார்னெட் என்பார்கள். கனம் அதிகம், தூசி குறைவு, சலித்துத் திரும்பவும் போடலாம். மெல்லிய தகட்டுக்கு அதுவும் ஆகாது. பழைய கார்க் கதவில் கொஞ்சம் நின்று அடித்தால் தகடு சூடேறி அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அதற்கு ரைஸ்மில் உமியை நொய்யாக இடித்துப் போட்டுப் பார்த்தார். பெயிண்ட் மட்டும் உரிந்தது, தகடு அசையவில்லை. துருவுக்கு உமி போதாது. துருப்பிடித்த இடத்தை மட்டும் தனியாக, குறைந்த காற்றில், நாசிலைச் சாய்த்துப் பிடித்து எடுப்பார். இருமல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

பழைய கார்கள் வரத் தொடங்கியது அதற்கப்புறம்தான். டெல்டாவில் பெரிய பண்ணை வீடுகளின் மாட்டுக்கொட்டகையில் எப்படியும் ஒரு கார் கிடக்கும். நிலச் சண்டையும் உச்சவரம்புச் சட்டமும் வந்த வருஷங்களில் ஓட்டுவதை நிறுத்தியவை. பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய், ஐம்பது வயதில் அப்பாவின் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அப்படித்தான் 1993 பங்குனியில் பஞ்சநதம் வந்தார்.

பஞ்சநதம் திருவையாற்றுப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் மகன். சென்னையில் கம்பெனி உத்தியோகம். 1948ஆம் வருஷத்து ஃபோர்டு ஒன்றின் அடிச்சட்டத்தை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி வந்திருந்தார். கதவு, பானெட் எல்லாம் இது முடிந்த பிறகு. சென்னையில் தை மாதம் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் ஓட்ட வேண்டும் என்றார். அடக்கமான மனிதர். சட்டத்தைக் கையால் தடவித் தடவிப் பேசினார். போகிற சமயத்தில், இடது பக்கத்து இரும்பில் சேசிஸ் நம்பர் குத்தியிருந்த இடத்தைக் காட்டினார்.

"பாய், இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் நின்னு அடிச்சிடுங்க."

"நின்னு அடிச்சா நம்பர் போயிடுங்க."

"போகட்டும்னுதான் சொல்றேன். இதே மாதிரி வண்டி ஒண்ணு மெட்ராஸ்ல ஒடச்சிட்டாங்க. அதோட பேப்பர் எங்கிட்ட இருக்கு. அந்த நம்பரைக் குத்திக்கிடுறேன்."

"இந்த வண்டிக்குப் பேப்பர் இல்லீங்களா?"

"இருக்கு. எம் பேர்ல இல்ல" என்றார் பஞ்சநதம். பதிலுக்கு நிற்காமல் டிராக்டரில் ஏறிக்கொண்டார்.

பேப்பர் யார் பேரில் இருக்கிறது என்பது மறுநாள் காலை பஸ்ஸில் வந்தது. காளியம்மாள் என்று பெயர், அறுபது வயதிருக்கும். கையில் யூரியா மூட்டையின் உள்பை சுருட்டியிருந்தது.

"நீங்கதான் மணல் பாயா?"

"ஆமா. என்ன வேணும் பெரியம்மா?"

"எங்க வண்டி இங்க வந்திருக்காமே. பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

பைக்குள்ளிருந்து ஆர்.சி. புத்தகம் வந்தது. உரிமையாளர் பெயர் ஐயாவு. பண்ணையின் டிரைவர், காளியம்மாளின் புருஷன், இறந்து ஆறு வருஷம் ஆகிறது. 1970இல் நில உச்சவரம்பு பதினைந்து ஏக்கராகக் குறைந்தபோது, பஞ்சநதத்தின் அப்பா நிலத்தைச் சமையல்காரர் பேரிலும் கணக்குப்பிள்ளை பேரிலும் பிரித்து எழுதினார். ஐயாவு பேருக்கு நாலு ஏக்கர் வந்தது. டிரைவருக்கு ஏது நாலு ஏக்கர் என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? வக்கீல் யோசனையின்படி காரையும் ஐயாவு பேருக்கு மாற்றி, சொந்த டாக்சி ஓட்டிச் சம்பாதித்து வாங்கினார் என்று காட்டினார்கள்.

"நாலு வருஷங் கழிச்சு நெலத்தத் திருப்பி எழுதி வாங்கிட்டாங்க. காரை மறந்துட்டாங்க" என்றார் காளியம்மாள். "அதுக்குள்ள எங்க தெருவுக்கெல்லாம் கவருமெண்டுல குடியிருக்கிற மனைக்குப் பட்டா குடுத்தாங்க. எங்களுக்கு இல்ல. ஏன் தெரியுமா? நாலு ஏக்கர் மிராசுதாருக்கு, டாக்சி ஓனருக்கு, எலவச மனை கெடையாதாம். காத்தால கஞ்சிக்கு உப்பு இல்ல, பேரு மிராசுதாரு."

அவர் வீடு பண்ணையின் மாந்தோப்பு ஓரத்தில், ஏழு சென்ட் இடத்தில் இருந்தது. அந்தத் தோப்பைப் பஞ்சநதம் மனை போட்டு விற்கிற ஒருவருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். பத்திரம் முடிக்க ஆவணி வரைக்கும் தவணை. தோப்போடு காளியம்மாளின் வீடும் போகும்.

"வண்டிய அவரு பேருக்கு மாத்திக் குடுன்னு மாசியில கேட்டாரு. குடுக்கிறேன், என் ஏழு சென்ட்ட எழுதிக் குடுங்கன்னேன். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. நீ என்ன பண்ணப் போறே தம்பி?"

"துரு எடுக்கப் போறேன்."

"அது தெரியும். அந்த நம்பர என்ன பண்ணப் போறே?"

லியாகத் அலி திரும்பிக்கொண்டார். கம்ப்ரஸரில் தண்ணீர் இறக்கப் போனார். நம்பர் இருக்கிறவரை புத்தகத்துக்கு மதிப்பு, புத்தகம் இருக்கிறவரை அந்த அம்மாளுக்கு வீடு. நம்பர் போய்விட்டால் அவர் கையிலிருப்பது எந்த வண்டிக்கும் பொருந்தாத காகிதம். இது விளங்காமல் அவர் திரும்பிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கமருன்னிஸா ஈயச் சட்டியைச் சுரண்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"கார் யாரோடது?"

"நெசத்துக்குப் பாத்தா பஞ்சநதம் அப்பாவோடதுதான். டிரைவருக்கு வெறும் பேரு."

"மீரா சாகிப் மச்சான் கடை யாரோடது?"

லியாகத் அலி தலையை நிமிர்த்தினார். மீரா சாகிப் அவருடைய பெரியம்மா மகன். ஷார்ஜாவில் பதினாறு வருஷம் மளிகைக் கடை நடத்தினார். சட்டப்படி கடை ஒரு அரபியின் பேரில் இருந்தது. அரபி மவுத்தானதும் பிள்ளைகள் வந்து சாவியைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு மீரா சாகிப் ஊர் வந்து சேர்ந்தார்.

"அங்க பேரு வெச்சவன் எடுத்துக்கிட்டான். சட்டம்னு சொன்னாங்க, நாமளும் வாய மூடிக்கிட்டோம்" என்றார் கமருன்னிஸா. "இங்க பேரு வெச்சவளுக்கு மட்டும் அந்தச் சட்டம் வேணாமா?"

"வேலை போயிடும், கமரு. கதவு, பானெட், மட்கார்டு எல்லாம் இன்னும் வரணும். நாலு மாச வேலை."

"போகட்டும். நம்பரை அழிச்சா போலீஸ் வருமா வராதா?"

"வரலாம்."

"அப்ப எதுக்கு யோசனை? சாப்பிடுங்க. ஆறுது."

லியாகத் அலி அப்படியொன்றும் தைரியசாலி இல்லை. இரண்டு நாள் வேறு வேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு ஃபோர்டின் அடிச்சட்டத்தைத் தொடாமல் வைத்திருந்தார். காளியம்மாள் இரண்டு நாளும் வந்தார். காலி டீசல் டிரம்மின் மேல் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டு, ஊர்க் கதை பேசினார். மூன்றாம் நாள் லியாகத் அலிக்கே பொறுக்கவில்லை.

"வேற வேலை இல்லியா பெரியம்மா உங்களுக்கு?"

"டாக்சி ஓனருக்கு என்ன வேலை? வண்டி ரிப்பேருக்கு விட்டா வந்து உக்காரத்தான செய்வாங்க."

அவர் சிரித்துவிட்டார். சைக்கிள் டியூப் ஒன்றை ஆறு அங்குல நீளத்துக்கு வெட்டினார். ரப்பர் மேல் பட்ட மணல் கடிக்காமல் துள்ளிப் போய்விடும். ஷார்ஜாவில் மீட்டர் கண்ணாடிக்கும் பெயர்ப் பலகைக்கும் இப்படித்தான் மறைப்பு வைப்பார்கள். நம்பர் இருந்த இடத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, டியூபைப் பஞ்சர் பசை தடவி ஒட்டி, ஓரங்களை அழுத்திவிட்டார்.

"நம்பர் அடியிலயே இருக்கட்டும். நீங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் போயி உக்காருங்க. தூசி ஆகாது" என்றார்.

"எனக்குத் தெரியாத தூசியா? பதர் தூத்தினவ நான்."

"அந்தத் தூசி வேற. போங்க சொல்றேன்."

சட்டத்தை அடித்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. முன்பக்கத்தில் துரு ஆழமாக இருந்ததால் பெரிய நாசிலை வைத்து நேராக அடித்தார். இரும்பு வளைகிற இடங்களில் சின்ன நாசிலுக்கு மாறினார். இருபது வருஷத்து மாட்டுச் சாணியும் துருவும் உரிந்து இரும்பு சாம்பல் வெள்ளையாக நின்றது. பனி இறங்குவதற்குள் பிரைமர் அடித்தாக வேண்டும், அடித்தார். கடைசியில் டியூபை உரித்தார். ஆறு அங்குலம் மட்டும் பழைய கறுப்போடு இருந்தது. அதை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பரைப் பிரதி எடுக்கிற முறை அது. வெள்ளை வெள்ளையாக நம்பர் தாளில் வந்தது. இரண்டு பிரதி எடுத்தார். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு ஒன்றைக் காளியம்மாளிடம் கொடுத்தார். காளியம்மாள் அதைப் புத்தகத்தில் இருந்த நம்பரின் பக்கத்தில் வைத்து, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் பார்த்தார்.

"கடைசியில இருக்கிற சுழி கொஞ்சம் மங்கலா இருக்கே?"

"போதும் பெரியம்மா. அது மங்கல் இல்ல, அப்படித்தான் குத்தியிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை பஞ்சநதம் வந்தார். முதலில் சட்டத்தை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இடது பக்கம் வந்ததும் நின்றார்.

"இது அப்படியே இருக்கே பாய்."

"எங்கிட்ட வர்ற எல்லா வண்டிக்கும் நம்பருக்கு ரப்பர் ஒட்டித்தாங்க அடிப்பேன்."

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான் சரின்னு சொல்லலீங்களே."

பஞ்சநதம் கொட்டகைக்குள் பார்த்தார். காளியம்மாள் டிரம்மை விட்டு இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். பஞ்சநதத்துக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் ஐயாவு. அந்த அம்மாளை முகத்துக்கு நேரே திட்ட அவருக்கு வாய் வரவில்லை. லியாகத் அலி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது எங்கப்பா கார். ஜில்லாவுக்கே தெரியும்."

"தெரியுங்க. எனக்கும் தெரியும்."

"பின்ன? ஒரு கிரைண்டரை வெச்சா அஞ்சு நிமிஷம். நீங்க இல்லாட்டி வேற ஆள்."

"தாராளமா. ஆனா நான் பென்சில் பிரிண்ட் எடுத்துத் தேதியோட கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன். அவங்க கையிலயும் ஒண்ணு இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா, எங்கிட்டேருந்து போகும்போது நம்பர் இருந்திச்சுன்னு நான் சொல்லியாகணுங்க."

ரயில்வே கேட்டில் மணி அடித்தது. பஞ்சநதம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன்ன யாரு வீட்ட விட்டுப் போகச் சொன்னா காளியம்மா? எங்கப்பா காலத்துலேருந்து இருக்கே."

"நீங்க சொல்லல சின்னய்யா. தோப்ப வாங்குறவன் சொல்லுவான். அவனுக்கு எங்க வீட்டுக்காரரு கார் ஓட்டலியே."

"ஏழு சென்ட்டு. அதானே?"

"அதான். ஒரு சென்ட்டு கூடக் கேட்டா ஏன்னு கேளுங்க."

பத்து நாள் கழித்துத் திருவையாறு சார்பதிவாளர் ஆபீசில் பத்திரம் பதிவானது. முதலில் ஆர்.சி. மாற்றும் பாரத்தில் ரேகை வைக்கும்படி பஞ்சநதம் சொன்னார். காளியம்மாள் கட்டைவிரலைச் சேலைக்குள் மடக்கிக்கொண்டு, "மொதல்ல நீங்க" என்றார். பத்திரத்தில் பஞ்சநதம் கையெழுத்துப் போட்டு, குமாஸ்தா வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே விரலை மையில் வைத்தார். விதவைப் பென்ஷனுக்காக வாங்கியிருந்த வாரிசுச் சான்று அன்றைக்கும் உதவியது.

பஞ்சநதம் அடிச்சட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். அடித்ததற்குக் குறை சொல்லவில்லை. ஆனால் கதவும் பானெட்டும் லியாகத் அலியிடம் வரவில்லை. கோயம்புத்தூருக்குப் போனதாகக் கேள்வி. அந்த நாலு மாதம் அவர் ரைஸ்மில் சல்லடைகளும் ஒரு கோயில் தேரின் இரும்பு அச்சும் அடித்தார்.

வைகாசியில் காளியம்மாள் மறுபடி கொட்டகைக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கோபம்.

"சர்வேயர் வந்து அளந்தான் தம்பி. ஏழு சென்ட்டுல கால் சென்ட்டு வாய்க்கால் பொறம்போக்காம். ஆறே முக்காலுக்குத்தான் கல்லு நட்டான். அடுப்படி மூலையில பாதி கவருமெண்டோடதாம்."

"வாய்க்கால் புறம்போக்குக்கு பஞ்சநதம் என்ன பண்ணுவாரு பெரியம்மா? கல்லு நட்டாச்சுல்ல. இனிமே யாரும் எழுப்ப முடியாது."

"அது சரி. ஆனா பத்தரத்துல ஏழுன்னுதான போட்டிருக்கு? காலு கொறையுதுல்ல?" அவர் டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்தார். வெற்றிலைப் பையைத் திறந்து, பாக்கைத் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பண்ணைக் கொட்டகையில ஒரு பழைய டிராக்டர் கெடக்குது. அது யாரு பேர்ல இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா தம்பி?"